அரைகுறை மொழி போதுமா?

"உங்களுக்கு மலாய் மொழி தெரியுமா?" என்று நம் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும், "தெரியாமல் என்ன? பாசாரில் பேசுகிறோமே!" என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை. மீன் வாங்குகிறோம், பேருந்தில் இடம் கேட்கிறோம், பக்கத்துக் கம்பத்து மக்களோடு சிரித்துப் பேசுகிறோம். ஆனால் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு கிராணியார் வரும்வரை காத்திருக்கிறோம். அவர் சொல்வதுதான் கடிதத்தின் பொருள். அவர் காட்டும் இடத்தில்தான் கையெழுத்து.

பேசத் தெரிந்த மொழியில் படிக்கத் தெரியாமல் போவது ஏன்? மலாய் மொழியை அந்த மொழிக்காரர்களுக்கு நிகராக நாமும் நம் பிள்ளைகளும் கையாள முடியாதா? முடியும் என்றால் அதற்கு வழி என்ன? இதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மலாய் இந்த நாட்டின் தேசிய மொழி. 1957-இல் சுதந்திரம் பெற்றபோதே நமது அரசியல் சட்டம் அதனை அவ்வாறு ஏற்றது. ஆகவே இந்த நாட்டுப் பிரஜைகளாகிய நமக்கு அது அந்நிய மொழி அன்று. ஆயினும் தாயின் மடியில் கேட்ட மொழி எதுவோ அதுதான் தாய்மொழி. மற்றவை எல்லாம் நாம் முயன்று கற்க வேண்டியவை. முயன்று கற்கும் மொழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே கேள்வி.

மொழித் தேர்ச்சியை அளப்பதற்கு அமெரிக்க அரசாங்கம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் அதிகாரிகளுக்காக ஏற்பட்டது அது. சுழியம் முதல் ஐந்து வரை அதில் படிகள் உண்டு. சுழியம் என்றால் ஒன்றும் தெரியாது. மூன்று என்றால் அலுவல்களைத் தடையின்றிப் பார்க்கலாம். ஐந்து என்றால் படித்த தாய்மொழிக்காரருக்குச் சமம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், நமது பாசார் பேச்சு முதல் படியிலோ இரண்டாம் படியிலோ நின்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த அதிகாரிகள் மலாய் மொழியில் மூன்றாம் படியை எட்டுவதற்குச் சுமார் 36 வாரங்கள், ஏறத்தாழ 900 மணி நேர வகுப்பு தேவை என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழுக்கோ 44 வாரங்கள் வேண்டுமாம்! அவர்கள் 44 வாரம் உட்கார்ந்து கற்கும் மொழியை நம் பிள்ளைகள் ஊஞ்சலிலும் திண்ணையிலும் சும்மா பெற்றுக்கொள்கிறார்கள். அதைவிட எளியது என்று அவர்களே சொல்லும் மலாய் மொழியைக் கண்டு நாம் ஏன் மலைக்க வேண்டும்?

900 மணி நேரம் என்றால் பெரிய தொகைபோல் தோன்றும். தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1,800 நாள்களில், அதாவது ஐந்து ஆண்டுகளில் கணக்கு முடிந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் ஒரு பிள்ளை ஆறு ஆண்டுகள் படிக்கிறது. பள்ளியில் நடக்கும் மலாய்ப் பாட நேரத்தைச் சேர்க்காமலே, வீட்டில் கொடுக்கும் அரை மணி நேரமே அந்தப் பிள்ளைக்குப் போதிய நேரத்தைத் தந்துவிடுகிறது. நேரம் நம்மிடம் இருக்கிறது. அதை எதில் செலவிடுவது என்று தெரிய வேண்டும்.

இங்கே நம்மைத் தடுத்து நிறுத்துவது எது? அறியாமை அல்ல; "இவ்வளவு போதும்" என்ற எண்ணம்தான். பாசாரில் நாம் பேசுவது கடைக்காரருக்குப் புரிகிறது. அவர் திருத்துவதில்லை. திருத்தாததால் நாமும் மாற்றிக்கொள்வதில்லை. முப்பது ஆண்டுகள் பேசினாலும் முதல் ஆண்டில் பேசியதையே பேசிக்கொண்டிருக்கிறோம். இது பேசப் பேச வளரும் மொழி அன்று. பேசப் பேச இறுகிப்போகும் மொழி.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். "என் வீடு" என்பதற்கு நாம் "சாயா பூஞா ரூமா" என்கிறோம். தமிழில் 'என்' முன்னே வருகிறது, 'வீடு' பின்னே வருகிறது. அந்த ஒழுங்கிலேயே மலாய்ச் சொற்களை அடுக்கிவிட்டோம். நல்ல மலாயில் அது "ரூமா சாயா". பொருளுக்கு உரியவர் பின்னால்தான் வருவார். நாம் சொன்ன "சாயா பூஞா ரூமா"வை ஒரு பள்ளியாசிரியர் கேட்டால், "எனக்கு ஒரு வீடு சொந்தமாக இருக்கிறது" என்று பொருள் கொள்ளவும் கூடும்! பாசாரில் இதனால் நட்டமில்லை. ஆனால் ஒரு மனுவில், ஒரு வாக்குமூலத்தில், ஒரு சோதனைத் தாளில் இந்த வேறுபாடு பெரிய வேறுபாடு. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய் மொழியில் தேர்ச்சி கட்டாயம் என்பதை நாம் அறிவோம். மற்றப் பாடங்களில் கெட்டிக்காரப் பிள்ளை இந்த ஒரு வாயிலில் தடுக்கி விழுவதை எத்தனை குடும்பங்கள் பார்த்திருக்கின்றன!

சரி, எங்கிருந்து தொடங்குவது? காதிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றுதான், 'க' ஒன்றுதான், 'த' ஒன்றுதான். ஆனால் நம் வாய்க்கு இரண்டு வகை ஒலியும் தெரியும். 'பால்' என்று சொல்லிப் பாருங்கள்; பிறகு 'பஸ்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே 'ப' அல்ல. மலாயில் இந்த வேறுபாடு உயிர்நிலையானது. 'பால்' போலத் தொடங்கினால் 'பாராங்' என்பது நாம் காட்டில் செடி வெட்டும் கத்தி. 'பஸ்' போலத் தொடங்கினால் 'பாராங்' என்பது சாமான். முதல் வகையில் சொன்னால் 'பாகி' என்பது காலை நேரம். இரண்டாம் வகையில் சொன்னால் 'பாகி' என்பது கொடுத்தல். இப்படியே 'காலி' என்பது ஒரு வகையில் 'தடவை', மறு வகையில் 'தோண்டு'. மாணவரைக் குறிக்கும் சொல்லும், படித்தலைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் 'பெலாஜார்' என்று ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மலாய்ச் சொற்களைப் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தால் தடுத்துவிடுங்கள். இந்த உரை நூலாக அச்சேறும்போதும் அந்தச் சொற்கள் தமிழ் எழுத்தில்தான் இருக்கும். அவை அடையாளத்துக்கு மட்டுமே. மலாய்ச் சொல்லை மலாய் எழுத்தில் பார்க்க வேண்டும்; மலாய்க்காரர் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்கு நாம் ஓர் உகரத்தை ஒட்டவைத்துவிடுவோம். 'பஸ்' நம் வாயில் 'பஸ்ஸு' ஆகிறது. அதுபோலவே சிறுவனைக் குறிக்கும் 'பூடாக்' என்ற சொல்லையும் 'பூடாக்கு' ஆக்கிவிடுகிறோம். மலாய்க்காரர் அந்தக் கடைசி ஒலியைத் தொண்டையிலேயே சட்டென்று நிறுத்திவிடுவார், வெளியே விடமாட்டார். வானொலியில் மலாய்ச் செய்தி வாசிக்கப்படும்போது பத்து நிமிடம் இந்த ஒன்றை மட்டும் கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள். செய்தி புரியாவிட்டாலும் பாதகமில்லை. காது பழகினால் நாக்கு தானே பின்தொடரும்.

அடுத்தது சொல். அகராதியைத் திறந்து நாளுக்குப் பத்துச் சொல்லாக உருப்போடுவது சோர்வைத் தரும் வேலை. மலாய்ச் சொற்கள் தனித்தனி ஆள்கள் அல்லர். குடும்பம் குடும்பமாக வாழ்பவை. 'ஆஜார்' என்ற ஒரு வேரைப் பாருங்கள். அதிலிருந்து படித்தல் என்ற சொல் பிறக்கிறது. மற்றொரு முன்னொட்டுச் சேர்த்தால் 'மெங்ஙாஜார்', அதாவது கற்பித்தல். மாணவர் ஒரு சொல், போதிப்பவர் ஒரு சொல். பாடம் 'பெலாஜாரான்', போதனை 'பெங்ஙாஜாரான்', கோட்பாடு 'ஆஜாரான்'. ஒரு வேரைப் பிடித்தால் ஏழு சொற்கள் வந்து சேருகின்றன. பிள்ளையின் குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேரை எழுதி, அதன் குடும்பத்தைச் சுற்றிலும் எழுதச் சொல்லுங்கள்.

இந்த முன்னொட்டுச் சேரும்போது வேர்ச்சொல்லின் முதல் எழுத்துச் சில வேளைகளில் மறைந்துவிடும். எழுதுதல் 'தூலிஸ்', முன்னொட்டுச் சேர்ந்ததும் அது 'மெனூலிஸ்' ஆகிவிடுகிறது. பெருக்குதல் 'சாப்பு', அது 'மெஞாப்பு' ஆகிறது. நம் பிழைப்பையே எடுத்துக்கொள்வோமே. மரத்தைக் கீறுதல் 'தோரே'. பால் வெட்டுதல் 'மெனோரே கெத்தா'. இங்கேதான் பல பிள்ளைகள் அகராதியோடு தோற்றுப்போகிறார்கள். 'மெனூலிஸ்' என்ற சொல்லை 'ம' வரிசையில் தேடுகிறார்கள், கிடைப்பதில்லை. அது 'தூலிஸ்' என்ற வேரின் கீழ் இருக்கிறது. டேவான் பகாசா டான் புஸ்தாகா 1970-இல் முதன்முதலாக வெளியிட்ட 'காமுஸ் டேவான்' என்னும் பேரகராதியும் இப்படித்தான் வேர்ச்சொல்லின்கீழ் அமைந்தது. வேரைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எந்த அகராதியும் திறக்கும்.

எண்ணிக்கையிலும் ஓர் அழகு உண்டு. மனிதரை எண்ணும்போது 'ஓராங்', விலங்கை எண்ணும்போது 'ஏக்கோர்', மரத்தை எண்ணும்போது 'பாத்தாங்', தாளை எண்ணும்போது 'ஹெலாய்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைச்சொல் வரும். 'ஏக்கோர்' என்றால் வால். 'பாத்தாங்' என்றால் தண்டு. வீட்டுக்கும் வாகனத்துக்கும் வருவது 'புவா'. அதற்கோ பழம் என்று பொருள்! பாசார் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுத் தள்ளிவிடுகிறோம். தாய்மொழிக்காரருக்கு நிகராகப் பேசுவது என்பது இத்தகைய சிறு சிறு இடங்களில்தான் இருக்கிறது. பெரிய பெரிய சொற்களில் இல்லை.

இத்தனையும் கேட்டபின் சில பெற்றோருக்கு ஓர் ஐயம் எழலாம். "தமிழை விட்டுவிட்டு முழு மூச்சாக மலாயையே படித்தால் சீக்கிரம் வந்துவிடுமே?" என்று எண்ணலாம். நேயர்களே, இது தவறான கணக்கு. நல்ல தமிழ் நல்ல மலாய்க்குத் துணையே தவிரத் தடை அன்று.

மலாயில் 'நாம்' என்பதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'கித்தா'. கேட்பவரை விலக்கிவிட்டால் 'காமி'. முதலாவதை நம் தோட்டத்துக் கித்தா மரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மரத்தின் பெயர் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து நம் வாயில் மாறி வந்தது. ஆங்கிலேயருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாடு. அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழ்ப் பிள்ளைக்கோ அது பிறவிச் சொத்து. 'கித்தா' என்றால் நாம். 'காமி' என்றால் நாங்கள். பாடம் முடிந்தது.

மறுத்துப் பேசும்போதும் அப்படியே. "அவர் ஆசிரியர் அல்லர்" என்பதற்கு மலாயில் 'புக்கான்' வரும். "அவர் வரவில்லை" என்பதற்கு 'தீடாக்' வரும். எழுத்துத் தமிழில் 'அல்ல' என்பதையும் 'இல்லை' என்பதையும் இடமறிந்து பயன்படுத்தத் தெரிந்த பிள்ளை, மலாயிலும் பெரும்பாலும் தவறாது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே பேசிப் பழகிய பிள்ளைதான் மலாயிலும் எல்லாவற்றுக்கும் 'தீடாக்' போட்டு மதிப்பெண்ணை இழக்கிறது.

சொற்களிலும் உறவு உண்டு. கடை 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. குளம் 'கோலாம்' ஆயிற்று. மாம்பழம் 'மெம்பெலாம்' ஆயிற்று. நம் முன்னோர் வணிகத்துக்கு வந்த காலத்திலேயே தமிழும் மலாயும் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்ட மொழிகள். நாமும் கம்பத்தையும் ரோத்தானையும் அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்ளவில்லையா?

மொழி என்றால் இலக்கணமும் சொல்லும் மட்டும் அல்ல, பண்பும் சேர்ந்ததுதான். நல்லொழுக்கத்துக்கு மலாய்க்காரர் வழங்கும் சொல் 'பூடி பகாசா'. 'பகாசா' என்றாலே மொழி. மொழியையும் பண்பையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. பெரியவரைப் பார்த்து நாம் தமிழில் 'நீ' என்போமா? மாமா என்போம், அண்ணே என்போம், அக்கா என்போம். மலாயிலும் அதே கதைதான். வயதானவரைப் 'பாச்சிக்' என்றும் 'மாச்சிக்' என்றும், அலுவலகத்தில் 'எஞ்சிக்' என்றும் 'புவான்' என்றும், ஆசிரியரைச் 'சிக்கு' என்றும் அழைத்து, அந்தப் பெயரையே 'நீங்கள்' என்பதற்குப் பதிலாகவும் வைத்துப் பேச வேண்டும். இலக்கணம் பிசகினால் பிறர் பொறுத்துக்கொள்வார்கள். அழைக்கும் முறை பிசகினால் மனம் கோணிவிடும்.

பழமொழிகளையும் விட்டுவிடக் கூடாது. 'சிறு துளி பெருவெள்ளம்' என்கிறோம் நாம். சிறிது சிறிதாகச் சேர்ந்தால் நாளடைவில் குன்றாகும் என்கிறார் மலாய்க்காரர். 'அலா பீசா தெகால் பியாசா' என்றும் ஒரு பழமொழி உண்டு. பழக்கத்தின் முன்னே விஷமும் தோற்றுப்போகும் என்பது அதன் பொருள். மொழி கற்பவர் சுவரில் எழுதி வைக்க வேண்டிய வாசகம் இது. தக்க இடத்தில் ஒரு பழமொழியைச் சொல்லும் தமிழ்ப் பிள்ளையைப் பார்த்து எந்த மலாய்க்காரரும் முகம் மலர்வார்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா? வேறு வீட்டில் பிறந்தவர் அந்த மொழியில் சிறந்ததுண்டா?" என்று கேட்பீர்கள். நம் மலாக்காவிலேயே ஒருவர் இருந்தார். அவர் முன்ஷி அப்துல்லா. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர். அவருடைய குடும்பத்தில் அரபு வழியும் தமிழ் வழியும் கலந்திருந்தன. அக்காலத்து மலாக்காவில் வாணிபத்துக்கும் கணக்குக்கும் தமிழ் வேண்டியிருந்ததால், அவருடைய தந்தையார் அவரைத் தமிழ் படிக்கவும் அனுப்பினார். மலாய் மொழியை அவர் தெருவில் கேட்டதோடு விட்டுவிடவில்லை. நன்கறிந்த முதியவர்களைத் தேடிப்போய்ச் சொல்லும் பொருளும் வழக்கும் கேட்டுக் கற்றார். மலாய்க்காரர்களே தங்கள் மொழியை முறையாகக் கற்பதில்லையே என்று வருந்தியும் எழுதினார். மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அவர் மலாய் கற்பித்தபோது, அவர்கள் கொடுத்த பட்டம்தான் 'முன்ஷி' என்பது. ஆங்கில அதிகாரிகளும் பாதிரிமாரும் அவரிடம் பாடம் கேட்டார்கள். 1849-இல் அச்சான 'ஹிகாயாட் அப்துல்லா' என்னும் அவருடைய வரலாற்று நூலுக்குப் பிறகு, நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்றே அவரை உலகம் அழைக்கிறது. தமிழும் படித்த ஒருவருக்கு மலாய் கொடுத்த இடம் இது.

சிறு வயதிலேயே மலாயைக் கேட்டு வளர்ந்தவராயிற்றே அவர் என்பீர்கள். வயது வந்த பிறகு தொடங்கிய ஒருவரையும் சொல்வோம். ஜோசப் கான்ராட் என்பவர் 1857-இல் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு, பதினேழு வயதில் கப்பல் வேலைக்குப் போனார். 1878-இல், இருபது வயதில், முதன்முதலாக இங்கிலாந்தில் கால் வைத்தபோது ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தவை ஒரு சில சொற்களே. மாலுமிகளோடு பழகிக் காதால் கற்றார். கிடைத்த நூல்களைப் படித்துக் கண்ணால் கற்றார். 1886-இல் கப்பல் தலைவருக்குரிய சோதனையில் ஆங்கிலத்திலேயே தேறினார். 1887-இல் நம் பக்கத்துச் சிங்கப்பூரிலிருந்து போர்னியோ ஆறுகளுக்குப் போய்வந்த ஒரு நீராவிக் கப்பலில் வேலை செய்தார். அங்கே கண்டவற்றை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் 1895-இல் வெளிவந்தது. இன்று ஆங்கில இலக்கியத்தின் முதல் வரிசையில் அவர் இருக்கிறார். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். 1924-இல் அவர் இறக்கும்வரை அவருடைய பேச்சில் போலந்து நாட்டு வாடை போகவே இல்லை. வாய் திறந்தாலே வெளிநாட்டார் என்று தெரிந்துவிடும்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? சிறு வயதில் தொடங்கினால் ஒலியும் தாய்மொழிக்காரர்போல் அமையக்கூடும். பெரியவரான பின் தொடங்கினால் ஒலி முழுவதும் வராமல் போகலாம். ஆனால் சொல்வளமும் இலக்கணமும் எழுத்தும் எந்த வயதிலும் வரும். ஆகவே நம் பேச்சில் தமிழ் வாடை வீசுகிறதே என்று எந்தப் பெரியவரும் கூச வேண்டியதில்லை. வாடை குற்றமல்ல. புரியாத தாளில் கையெழுத்திடுவதுதான் ஆபத்து.

இனி, அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம். மாலையில் குளித்து, விளக்கு வைத்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் நேரம் அது. முதல் பத்து நிமிடம் மலாய்ச் செய்தியைக் கேட்கட்டும். அடுத்த பத்து நிமிடம் பள்ளிப் புத்தகத்திலோ செய்தித்தாளிலோ ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் ஐந்து வரி எழுதட்டும். எதைப் பற்றி எழுதுவது? தாயோ தந்தையோ அன்றைய வேலையைப் பற்றித் தமிழில் சொல்லுங்கள். மழையால் வெட்டு நின்றதை, செம்பனைக் குலை இறக்கியதை, மாடு கன்று போட்டதைச் சொல்லுங்கள். பிள்ளை அதை மலாயில் எழுதட்டும். மறுநாள் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். தன் தகப்பனார் செய்யும் வேலையை நல்ல மலாயில் சொல்லத் தெரியாத பிள்ளை, நிலாவில் மனிதன் நடந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதி என்ன பயன்?

"நமக்கே மலாய் எழுத்துத் தெரியாதே, பிள்ளைக்கு எப்படி உதவுவது?" என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். பிள்ளை வாசித்து முடித்ததும், "என்ன வாசித்தாய்? தமிழில் சொல்" என்று கேளுங்கள். தெளிவாகச் சொன்னால் புரிந்திருக்கிறது. மென்று விழுங்கினால் புரியவில்லை; இன்னொரு முறை வாசிக்கட்டும். இந்தச் சோதனையை நடத்த உங்களுக்கு மலாய் தெரிய வேண்டியதில்லை. கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். அண்ணன் தம்பிகளையும் சிரிக்க விடாதீர்கள். ஒருமுறை கேலி செய்யப்பட்ட பிள்ளை வகுப்பில் கை தூக்காது. கை தூக்காத பிள்ளை ஐயம் கேட்காது. ஐயம் கேட்காத பிள்ளை கடைசி வரிசைக்குப் போய், ஒருநாள் பள்ளிக்கே போகாமல் நின்றுவிடும். மாறாக, கம்பத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடப் போகட்டும். விளையாட்டிலே நாக்குக்குப் பயமில்லை.

பெரியவர்களும் இந்த அரை மணி நேரத்தில் சேர்ந்து உட்காரலாம். சேமநிதித் தாள், சொக்சோ படிவம், பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சிலவே: பெயர், முகவரி, பிறந்த தேதி, கையெழுத்து, தொகை, கெடு நாள். இவற்றை முதலில் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையிடம் படிப்பது கௌரவக் குறைவு அன்று. பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஊக்கமும் வேறில்லை.

நேயர்களே, நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்துவிட்டுக் காட்டை அழித்துத் தோட்டமாக்கினார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. நம் பெற்றோர் பெயரை எழுதக் கற்றார்கள். நம் பிள்ளைகள் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து, "இந்த நிபந்தனை எங்களுக்குச் சம்மதமில்லை" என்று மரியாதையாக, பிழையில்லாத மலாயில் பதில் எழுதக் கற்க வேண்டும். வீட்டில் வந்து அதை அழகான தமிழில் நமக்கு விளக்கவும் வேண்டும். இரண்டு மொழியும் முழுமையாக வரட்டும். எதுவும் அரைகுறையாக நிற்க வேண்டாம்.

இன்று மாலை விளக்கு வைத்ததும் அந்த அரை மணி நேரத்தைத் தொடங்கிவிடுவோம்.